'நைஸ்' என்றால் முட்டாள் என்று இருந்த காலம்: கேள்வி பதில்

கல்லூரியில் இருபத்தாறு வருடம் ஆங்கில மொழி வரலாறு நடத்தியவன் நான். 'நைஸ்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதலில் இருந்த பொருள் 'முட்டாள்தனமான' என்று சென்ற வாரம் எழுதினேன். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (நாகர்கோவில்): சார், நிஜமாவே முட்டாளா? அதிலிருந்து 'நல்ல' எப்படி வந்தது?

நிஜம்தான். லத்தீனில் 'ஸ்கீரே' என்றால் அறிவது. முன்னால் 'நெ' சேர்ந்தால் இல்லை என்றாகும். 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 14ஆம் நூற்றாண்டில் ஒருவரை 'நைஸ்' என்றால் அது வசவு. 'சயின்ஸ்' என்ற சொல்லும் அதே 'ஸ்கீரே'யிலிருந்து வந்ததுதான். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள், ஒன்று அறிவு, மற்றது அறியாமை.

பிறகு பொருள் நகர்ந்தது. மடத்தனம் என்பது பகட்டு, ஒழுக்கக்கேடு என்றானது. அதன் பக்கத்திலேயே, எதிலும் குறை காண்கிறவர், லேசில் திருப்தி அடையாதவர் என்ற பொருள் முளைத்தது. அப்படிப்பட்டவர் சின்ன வித்தியாசத்தையும் கவனிப்பார் அல்லவா? அதனால் 'நுணுக்கமான', 'துல்லியமான'. நுணுக்கமான ருசி, நயமான நடத்தை என்று போய், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'இனிமையான' என்பதற்கு வந்து சேர்ந்தது.

இதை ஏணிப்படி மாதிரி நினைக்காதீர்கள். ஒன்று முடிந்து அடுத்தது வரவில்லை, பல பொருள்கள் ஒரே சமயத்தில் புழங்கின. 16, 17ஆம் நூற்றாண்டு வரிகள் பலவற்றில் எந்தப் பொருள் என்று அடித்துச் சொல்லவே முடியாது.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் ஓர் இடம். ஜூலியட் சாகவில்லை, மருந்து மயக்கத்தில் இருக்கிறாள் என்று ரோமியோவுக்குத் தெரிவிக்க வேண்டிய கடிதம். எடுத்துப்போன துறவியைக் கொள்ளைநோய் பயத்தில் ஒரு வீட்டுக்குள் பூட்டிவிடுகிறார்கள். அவர் அந்தக் கடிதத்தோடேயே திரும்பி வருகிறார். அப்போது, அதை எழுதி அனுப்பிய லாரன்ஸ் துறவி, அந்தக் கடிதம் 'நைஸ்' இல்லை என்கிறார். 'கடிதம் நன்றாக இல்லை' என்று வருடாவருடம் யாராவது ஒரு மாணவர் எழுதுவார். அங்கே பொருள் 'அற்பமானது அல்ல'. இரண்டு உயிர் அந்தத் தாளில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் காட்சியே போய்விடும்.

கேள்வி (புதுச்சேரி): பிரான்சில் உள்ள நீஸ் நகரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அது கிரேக்கர் வைத்த 'நிக்காயா', வெற்றி என்ற சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி (ஓசூர்): அப்படியானால் மேனேஜரை நைஸ் என்று சொல்வது தப்பா சார்?

தப்பே இல்லை. ஒரு சொல்லின் வேர் அதன் இன்றைய பொருளுக்கு நீதிபதி அல்ல. வகுப்பில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான், இங்கேயும் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆண்டாள் பாடலில் 'நாறுமோ' என்றால் மணக்குமோ என்று பொருள். அதை நம்பி இன்று யாரிடமாவது 'உங்கள் வீடு நாறுகிறது' என்று சொல்வீர்களா?

கேள்வி (ஈரோடு): ஆங்கிலம் சரளமாகப் பேச என்ன செய்ய வேண்டும்?

அது என் துறை இல்லை. பேச்சுப் பயிற்சி தருகிற ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): கட்டுரையில் நைஸ் என்று எழுதாதே என்று டீச்சர் சொல்கிறார். ஏன்?

எதற்கும் பொருந்துகிற சொல் எதையும் காட்டாது என்பதால். இது பழைய புகார். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' 1817 கடைசியில் வெளிவந்தது. அதில் ஹென்றி என்பவன், நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்களும் நைஸ் என்று கதாநாயகியைக் கேலி செய்கிறான். உங்கள் டீச்சர் சொல்வதைக் கேளுங்கள். இட்லி மெத்தென்று இருந்தால் மெத்தென்று என்றே எழுதுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஐயா, 'நைஸ்' தமிழ்ச் சொல்தானே? நை, நைதல், நைய அரைத்தல். இங்கிருந்துதான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.

'நை' பழைய தமிழ் வினை, சந்தேகமே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1300 வாக்கில் இருக்கிறது. ஆங்கிலேயர் சென்னையில் கோட்டைக்கு இடம் வாங்கியது 1639இல். இடையில் முந்நூறு வருடத்துக்கு மேல். அதோடு, முதலில் வந்த பொருள் 'முட்டாள்'. மாவு அரைப்பதிலிருந்து அதற்கு எப்படிப் போவீர்கள்? ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. தேதியுள்ள வரி வேண்டும்.

கேள்வி (கரூர்): முரசு, பரிசு மாதிரி நைசு. விகுதி சரியாகத்தானே இருக்கிறது?

விகுதி பொருந்துவதால் உறவு வந்துவிடாது. ஆங்கிலத் தொடர்புக்கு முந்தைய நூல் ஒன்றில் 'நைசு' என்று காட்டுங்கள், அன்றே என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர், மீண்டும்): தமிழுக்குப் பெருமை கொடுக்க உங்களுக்கு மனமில்லை.

இது எனக்கு வலிக்கிறது ஐயா. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகாட்டானி' ஆனது. யார் எதைக் கண்டார்கள், எந்த வருடம் எழுதினார்கள் என்ற தடயம் இவற்றுக்கு இருக்கிறது. தடயம் இல்லாத ஒன்றை இந்த வரிசையில் சேர்த்தால், மற்றவர் இவற்றையும் நம்ப மாட்டார்கள். எனக்கு அந்தக் கவலைதான்.

ஆனால் நீங்கள் தொட்ட இடம் நல்ல இடம். என் அம்மா ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டும்போது, மாவைத் துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். நெருடினால், 'இன்னும் நைசா வரணும்' என்று தண்ணீர் தெளித்துக் குழவியைச் சுற்றுவார். ஆங்கிலச் சொல் நம் சமையலறையில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்ததற்கு 'நைய அரை' என்ற பழைய வழக்கு பக்கத்தில் இருந்தது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். பிறப்பு வேறு, குடியேறிய பிறகு கிடைத்த துணை வேறு.

கேள்வி (சேலம்): நைஸ் என்றால் முட்டாள் என்கிறார்களே, உண்மையா?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி ஐந்தாவது முறை வருகிறது.

கேள்வி (கோவை): 'நைசா நழுவிட்டான்' என்கிறோமே, அது?

அது நாம் வளர்த்த பொருள். நெருடாத மாவு, வழவழப்பு, பிறகு சத்தமில்லாமல் வழுக்கிப் போவது என்று நகர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஆங்கிலேயரிடம் சொன்னால் புரியாது. கடன் வாங்கிய சொல்லும் வந்த இடத்தில் வளரும்.

கேள்வி (மதுரை): கெட்டதிலிருந்து நல்லதுக்குப் போனது இது. எதிர்த்திசையில் போன சொல் உண்டா?

'சில்லி'. பழைய ஆங்கிலத்தில் பாக்கியம் பெற்றவர். பிறகு கள்ளமற்றவர், பாவம் என்று இரங்கத்தக்கவர், கடைசியில் மடையர். அதன் ஜெர்மன் உறவான 'சேலிஷ்' இன்றும் பேறுபெற்றவர் என்றே இருக்கிறது. வேரைச் சொல்லி யாரையும் சில்லி என்று கூப்பிட்டுவிடாதீர்கள்.

கேள்வி (சென்னை, இளம் வழக்கறிஞர்): ஒரு பழைய ஆங்கிலத் தீர்ப்பில் இது 'நைஸ் பாயிண்ட்' என்று நீதிபதி எழுதிவிட்டு அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்கிறார். பாராட்டிவிட்டு ஏன் தள்ள வேண்டும்?

அவர் பாராட்டவில்லை. நான் மேலே சொன்ன 'நுணுக்கமான' என்ற பொருள் சட்ட மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மயிரிழை வித்தியாசத்தில் நிற்கிற, தீர்க்கக் கடினமான கேள்வி என்கிறார். அந்தப் பக்கத்தை மொழிபெயர்க்கும்போது 'நல்ல' என்று போடாதீர்கள் தம்பி, 'நுட்பமான' என்று போடுங்கள். அதே தீர்ப்பில் வேறெங்காவது அந்தச் சொல் வந்தால் அந்த வரியையும் அனுப்புங்கள், பார்க்கலாம்.