கருக்கல் விலங்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

முயல்களைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். முயலை 'கிரெபஸ்குலர்' விலங்கு என்கிறார் ஆசிரியர். அகராதியில் 'அந்திக்குரிய', 'மங்கலான' என்று இருக்கிறது. 'அந்தி விலங்கு' என்று எழுதலாமா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'அந்தி விலங்கு' பாதிதான் சரி. அந்தி என்றால் இன்று நமக்கு மாலைதான் நினைவுக்கு வரும். முயலும் மானும் விடிகாலையிலும் மேய வரும். இரண்டு அரைவெளிச்சப் பொழுதுகளையும் சேர்த்தே உயிரியலில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

லத்தீனில் 'கிரெபுஸ்குலும்' என்றால் இருட்டத் தொடங்கும் நேரம். அதன் அடியில் 'கிரெபெர்' என்ற பழைய பெயரடை இருக்கிறது. இருண்ட என்றும் பொருள், ஐயத்துக்குரிய என்றும் பொருள். கி.மு. முதல் நூற்றாண்டில் லத்தீன் மொழியைப் பற்றி நூல் எழுதிய வார்ரோ, இது ரோமுக்கு அருகில் வாழ்ந்த சபைன் மக்களிடமிருந்து வந்த சொல் என்கிறார். இன்னும் பகல்தானா, இரவாகிவிட்டதா என்று பலருக்கும் ஐயம் வரும் நேரம் என்பதால் அந்தப் பெயராம். விடியும் வேளையில் பிறந்தவருக்கு ஒளியைக் குறித்து லூகியுஸ் என்று பெயர் வைத்ததைப்போல, அமிதெர்னும் என்ற ஊரில் இந்த வேளையில் பிறந்தவர்களுக்கு கிரெபுஸ்குஸ் என்று பெயர் வைத்தார்கள் என்றும் எழுதுகிறார். ஐயத்தின் பெயரைத் தாங்கிய பிள்ளைகள்! இந்தக் குறிப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆக, இந்தச் சொல்லில் இருட்டைவிட ஐயமே முக்கியம். 'மங்கலான' என்பதில் அது விடுபட்டுப்போகிறது. 'அந்தி மயங்கும் நேரம்' என்று நாம் சொல்வதில் அது இருக்கிறது. மயங்குதல் என்றால் கலத்தல். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேர்ந்து வருவதை இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்கிறோமே, அதே பொருள். குழம்புதலும் மயங்குதல்தான். ஒளியும் இருளும் கலக்கின்றன, பார்ப்பவர் கண் குழம்புகிறது. இரண்டையும் ஒரே வினைச்சொல் சொல்லிவிடுகிறது.

சரி, விலங்குக்கு என்ன எழுதுவது? 'மயங்கும்' இங்கே பொருந்தாது, முயலுக்கே மயக்கம் வந்ததாகப் படும். என் தேர்வு 'கருக்கல்'. விடிவதற்கு முன்னும் கருக்கல் என்கிறோம், மாலை மங்கும்போதும் கருக்கல் என்கிறோம். முதல் இடத்தில் 'விடியற்கருக்கலிலும் மாலைக் கருக்கலிலும் நடமாடும் விலங்கு' என்று விரித்து எழுதிவிடுங்கள். அப்புறம் 'கருக்கல் விலங்கு' என்றாலே போதும்.