அது ஜானி ஹார்ட்டன் பாடியதில்லை

வணக்கம். நீங்கள் தேடும் பாட்டின் மெட்டு, அமெரிக்க நாட்டுப்புற (கன்ட்ரி) பாடகர் ஜானி ஹார்ட்டன் பிரிட்டிஷ் படையுடனான போரைப் பற்றிப் பாடிய 'பேட்டில் ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' மாதிரியே இருக்கிறது, ஆனால் போருக்குப் பதில் சாரணப் பையன்கள் நடைப்பயணம் போகிறார்கள், ஹார்ட்டன் பெயரில் தேடியும் சிக்கவில்லை என்கிறீர்கள். சிக்காது. அது ஹோமர் அண்ட் ஜெத்ரோ என்ற அமெரிக்க நகைச்சுவைப் பாடகர் ஜோடி பாடிய 'பேட்டில் ஆஃப் கூக்கமோங்கா'.

இரண்டுமே 1959-இல் வந்தவை. ஹார்ட்டன் பாட்டு பட்டியலில் முதலிடத்துக்குப் போன சூட்டோடு சூடாக, இவர்கள் பிரிட்டிஷ் படையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சாரணச் சிறுமிகளை வைத்துவிட்டார்கள். கேலிப் பாட்டுதானே என்று நினைக்காதீர்கள், கிராமி விருதே வாங்கியது. மூலப்பாட்டை எழுதிய ஜிம்மி டிரிஃப்ட்வுட் பெயரில் தேடினால் ஹார்ட்டன் பதிவுகள்தான் வந்து குவியும். அதனால் பாடிய ஜோடியின் பெயரையே போட்டுத் தேடுங்கள்.

அப்புறம், கிடைத்ததும் வரிகளை ஒரு தடவை மறந்துவிட்டு வாத்தியத்தை மட்டும் கேளுங்கள். ஜெத்ரோ மாண்டலினில் ஜாஸ் வாசிப்பதில் பெரிய கை. சிரிப்புக்கு அடியில் அவ்வளவு சுத்தமான வாசிப்பு இருப்பதால்தான் இவர்களுடைய நையாண்டி மற்றவர்களுடையதைப் போலச் சலிப்பதில்லை என்பது என் கட்சி.

பிடித்திருந்தால் 1949-இல் பாடகி ஜூன் கார்ட்டருடன் இவர்கள் பாடிய 'பேபி இட்ஸ் கோல்ட் அவுட்சைட்' கேலிப் பதிவையும் தேடிப் பாருங்கள். மூலத்தை எழுதிய ஃபிராங்க் லோசர் அனுமதி கொடுத்தார், ஆனால் இசைத்தட்டின் லேபிளிலேயே தன்னிடம் மன்னிப்புக் கேட்டு அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அச்சிட்டார்கள்.