புகையிரத ஊழியர்கள் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மக்கெய்சர் விளையாட்டரங்குக்கு மாலையில் பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவர், 'பெர்ரோ' என்ற ஆர்ஜென்டீனக் கழகத்தின் பச்சை மேற்சட்டையை அணிந்து வருகிறார். அக்கழகம் இரண்டு தடவை நாட்டின் சம்பியனாக இருந்ததென்றும், பின்னர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கி வங்குரோத்தானதென்றும் சொல்கிறார். இது உண்மையா? உண்மையென்றால் அது இன்னும் எவ்வாறு ஆடுகிறது?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அந்தத் தம்பி சொன்ன அனைத்தும் உண்மையே. கழகத்தின் முழுப்பெயர் பெர்ரோ கரில் ஓஸ்தே. 'பெர்ரோகரில்' என்பது ஸ்பானிய மொழியில் புகையிரதப் பாதையையும் 'ஓஸ்தே' என்பது மேற்கையும் குறிக்கும். ஆர்ஜென்டீனாவில் 1857 இல் முதன்முதலாகப் புகையிரதம் ஓடிய பாதை, புவனஸ் அயர்ஸ் நகரிலிருந்து மேற்கே சென்ற இந்தப் பாதைதான். அதில் பணியாற்றிய 95 ஊழியர்கள் 1904 ஜூலை 28 அன்று கழகத்தைத் தொடங்கினார்கள். கபாயித்தோ என்ற பகுதியில் தண்டவாளத்தை அண்டி அமைந்த மைதானம் 1905 ஜனவரியில் திறக்கப்பட்டது. பார்வையாளர் அமரும் படிகள் பலகையால் ஆனவையாக இருந்தமையால், 'மரக் கோயில்' என்ற பட்டப்பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

நீண்ட காலம் அது நடுத்தரக் கழகமாகவே இருந்தது. அதை மாற்றியவர், 1980 இல் பொறுப்பேற்ற பயிற்றுநர் கார்லோஸ் திமோத்தேயோ கிரிகோல். அதே கழகத்தின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் லெயோன் நஹ்னுதெலுடன் அவர் அடிக்கடி கலந்து பேசி, எதிரணியை அதன் எல்லையிலேயே நெருக்குவதையும், சக வீரருக்கு வழிவிடுவதற்காகத் தடுப்பாளரை மறித்து நிற்பதையும் உதைபந்தாட்டத்துக்குக் கொண்டுவந்தார். 1981 இல் கோல் காப்பாளர் பாரிசியோ 1,075 நிமிடங்கள் ஒரு கோலும் வாங்காமல் நின்றார். ஆயினும், அக்காலத்தில் நாட்டின் சம்பியனைத் தீர்மானித்த இரு தொடர்களுள் ஒன்றான மெத்ரோபோலித்தானோவில் அவ்வாண்டு, மரடோனா ஆடிய பொக்கா ஜூனியர்ஸ் ஒரேயொரு புள்ளியால் முந்திக்கொண்டது. அடுத்த ஆண்டு மற்றத் தொடரான தேசியத் தொடரில் ஒரு போட்டியிலும் தோற்காமல் பெர்ரோ சம்பியனானது. 1984 இறுதிப் போட்டியின் முதலாவது ஆட்டத்தில், ரிவர் பிளேட் கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று வென்று, இரண்டாவது தடவையும் கிண்ணத்தைப் பெற்றது. 1986 உலகக் கிண்ணத்தை வென்ற ஆர்ஜென்டீன அணியில் இடம்பெற்றிருந்த ஒஸ்கார் காரே அப்போது இக்கழகத்தின் வீரரே.

கிண்ணங்களைவிட, கிரிகோல் இளம் வீரர்களை வளர்த்த விதமே என் மனத்தில் நிற்கிறது. படிப்பைக் கைவிட அவர் அனுமதிப்பதில்லை. கையில் பணம் வந்ததும் கார் வாங்க ஓடாமல் முதலில் வீடு வாங்குமாறு வற்புறுத்துவார். எமது ஊரிலும் பிள்ளைகளைப் பயிற்றுவிப்போர் இதைக் கவனிக்க வேண்டுமென மனமார விரும்புகிறேன்.

இனி வீழ்ச்சிக்கு வருவோம். ஆர்ஜென்டீனாவில் ஓர் அணி கீழிறங்குவது அந்த ஆண்டின் புள்ளிகளை மட்டும் கொண்டு தீர்மானிக்கப்படாமல், மூன்று பருவங்களின் சராசரியைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டு வந்தது. ஆகவே ஓராண்டுச் சறுக்கலைத் தாங்கலாம். தொடர்ந்து சறுக்கினால் தப்ப முடியாது. 2000 இல் முதற்பிரிவை இழந்த பெர்ரோ, மறு ஆண்டே மூன்றாம் நிலைக்கும் இறங்கியது. கடன் கழுத்தை நெரிக்க, 2002 இல் நீதிமன்றம் அதை வங்குரோத்தானதாக அறிவித்தது.

கழகம் பிழைத்தது 2000 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால். விளையாட்டுக் கழகம் வங்குரோத்தானாலும் உடனே சொத்துகளை விற்றுத் தீர்க்காமல், நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளர்களின் கீழ் அதை இயங்கவிட்டு, கடனைப் படிப்படியாக அடைக்க அச்சட்டம் இடமளித்தது. அங்கத்தவர்களுக்குச் சொந்தமான ஒரு கழகம், ஒரு கடையைப் போல ஏலத்தில் போய்விடக் கூடாது என்பதே அதன் நோக்கம். மிக நியாயமான நோக்கம் என்றே கருதுகிறேன். அந்த ஏற்பாட்டின் கீழ் இருந்தபோதே, 2003 இல் பெர்ரோ இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. வங்குரோத்து நிலை நீங்கியது 2014 இல்தான். முதற்பிரிவு அதற்கு இன்னும் எட்டவில்லை. ஆனால் 1905 இல் திறந்த அதே மைதானத்தில், புகையிரதம் கடந்து செல்லும் ஓசைக்கு நடுவே, இன்றும் அது ஆடிக்கொண்டிருக்கிறது.