குமுளியில் லாட்டரி விற்கலாம், மதுரையில் ஏன் கூடாது?

சூதாட்டம் என்றால், முடிவு அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிற ஒன்றின்மேல் பணம் வைப்பது. அவ்வளவுதான். இந்திய அரசியலமைப்பு இதை மாநிலங்களின் பொறுப்பில் விட்டிருக்கிறது, அதனால் விதி ஊருக்கு ஊர் மாறும். லாட்டரிக்கு 1998இல் தனியாக மத்திய சட்டம் வந்தது. வெளிமாநிலச் சீட்டைத் தடுக்கும் உரிமையை அது மாநிலங்களுக்குக் கொடுக்கிறது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியையே ஒழித்துவிட்டது, கேரளாவில் அரசே நடத்துகிறது. மதுரையிலிருந்து தேனி வழியாகப் பஸ் ஏறி, குமுளியில் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கடை வாசலில் சீட்டுகள் வரிசையாகத் தொங்கும். அதே சீட்டை இந்தப் பக்கம் விற்றால் கேஸ்.

அப்புறம், எல்லாப் பந்தயமும் சூதாட்டம் இல்லை. திண்ணையில் ஆடும் தாயத்தையும் ஆடுபுலி ஆட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாயத்தில் விழுவதுதான் கணக்கு, மற்றதில் மூளை வேண்டும். திறமை மேலோங்கிய ஆட்டத்தைத் தமிழ்நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கி வைத்தது. ரம்மி திறமை ஆட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னது, குதிரைப் பந்தயத்துக்கு 1996இல்.

அதை வைத்து ‘அப்போ மொபைலில் காசு கட்டி ரம்மி ஆடலாமே’ என்கிறார்கள் பலர். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துவதற்கே தடை போடுகிறது.