செக்கு எண்ணெய்க்கு என்ன சுபாவம்?

கேள்வி: மாமனார் காலத்திலிருந்து வாகை மரச்செக்கில் நல்லெண்ணெய் ஆட்டி, தூக்குப்போசியுடன் வருபவர்களுக்கு அளந்து ஊற்றி வருகிறோம். இப்போது பாட்டிலில் அடைத்து வெளியூருக்கு அனுப்பவிருக்கிறோம். லேபிள் வடிவமைப்பவர், பிராண்டுக்கு ஓர் ஆளுமை வேண்டும், இளைஞர்களைக் கவரும்படி குறும்பாகப் பேசலாம் என்கிறார். எங்களுக்கு அது ஒட்டவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, காங்கேயம்

பதில்: ஒட்டவில்லை என்று தோன்றியதை அலட்சியப்படுத்தாதீர்கள். கடைக்கு வருபவரிடம் இத்தனை காலம் எப்படிப் பேசினீர்கள், எதை விற்க மறுத்தீர்கள், தவறு நேர்ந்தபோது என்ன செய்தீர்கள் என்பவற்றிலிருந்து உங்கள் எண்ணெய்க்கு ஒரு சுபாவம் ஏற்கெனவே அமைந்திருக்கிறது. அதைக் கண்டெடுத்து எழுத்தில் வைப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.

அமெரிக்கப் பேராசிரியர் ஜெனிஃபர் ஆக்கர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிராண்டுகளில் மக்கள் காணும் குணங்களை நேர்மை, உற்சாகம், திறமை, நயம், முரட்டு உறுதி என ஐந்தாக வகுத்தார். பேச்சைத் தொடங்க இந்தப் பட்டியல் உதவும், அவ்வளவுதான்.

குறும்பு நிலைத்த இடமும் உண்டு. புள்ளி போட்ட சட்டையும் நீலத் தலைமுடியுமாக அமுல் வெண்ணெயின் சிறுமி 1966 முதல் நாட்டு நடப்பை வைத்துச் சிலேடை பேசி வருகிறாள். அவளை உருவாக்கிய சில்வெஸ்டர் டகுன்ஹாவுக்குப் பின் அவர் மகன் ராகுல் அந்தப் பொறுப்பை ஏற்றதால், ஆண்டுகள் மாறியும் குரல் மாறவில்லை. அப்படிச் சலிக்காமல் பேச உங்கள் வீட்டில் ஆள் இருந்தால் குறும்பைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் மூன்றாவது மாதமே அது இரவல் சட்டை போலத் தெரியும்.

உங்கள் குரல் எங்கே கேட்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். வெயிலில் வைத்துத் தெளியவிட்ட செக்கு எண்ணெயிலும், சில நாள் கழித்துப் பாட்டிலின் அடியில் மெல்லிய மண்டி தங்கும். அதைக் கலப்படம் என்று நினைத்து வெளியூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் கோபப்படுவார். கடையில் அளந்து ஊற்றுபவர் அவருக்கு என்ன பதில் சொல்வார்? “அது எள்ளின் மண்டிங்க, மேலே தெளிந்ததை ஊற்றிக்கொள்ளுங்கள், மனசுக்கு ஒப்பவில்லையென்றால் மாற்றித் தருகிறோம்” என்பார் என்றால், அந்த வாக்கியத்தையே லேபிளில் அச்சிடுங்கள். ‘பாரம்பரியத்தின் தூய்மை’ என்று எல்லோரும் போடும் வரியைவிட அது உங்களை நன்றாக அறிமுகப்படுத்தும்.

அதே கண்டிப்பு படத்திலும் வேண்டும். செக்கை மோட்டார் சுற்றுகிறது என்றால் லேபிளில் காளை மாடு வேண்டாம். எள்ளுடன் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ எள் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டால், விலை ஏன் கூடுதல் என்பதற்கும் அதுவே விடையாகிவிடும்.

அச்சுக்குப் போகுமுன், பல ஆண்டுகளாகப் போசி கொண்டுவரும் இரண்டு மூன்று பேரிடம் லேபிள் வரிகளை உரக்கப் படித்துக் காட்டுங்கள். “இது உங்க வீட்டுப் பேச்சு மாதிரி இல்லையே” என்று அவர்கள் சொல்லும் வரியை, வடிவமைப்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அடித்துவிடுங்கள்.