கேள்வி: ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு கிளம்புகிறேன். பயணத்தையும் வாடகை வீட்டையும் எப்படி ஏற்பாடு செய்வது?

ஷ்டுட்கார்ட்டில் வேலை, ஜனவரியில் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் ஒன்றாகக் கிளம்பத் திட்டம், முதல் ஒரு மாதத்துக்கு விடுமுறைக் குடியிருப்பு ஒன்றைப் பதிவு செய்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் ஒரு வீடு பிடித்துப்போய், உரிமையாளர் அட்வான்ஸ் கேட்கிறார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன்பு ஒரு நவம்பரில் நான் இதே ஊருக்கு வந்து இறங்கியவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாமான் கட்டுவது, வீடு பிடிப்பது எல்லாம் அப்புறம். இன்றைக்கே அந்த விடுமுறைக் குடியிருப்புக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்த முகவரியில் நான் அன்மெல்டுங் செய்யலாமா? அதற்கான வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் தருவீர்களா?"

அன்மெல்டுங் என்பது முகவரிப் பதிவு. ஒரு வீட்டில் குடியேறினால் 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். ஷ்டுட்கார்ட்டில் அந்த அலுவலகத்தை பூர்கர்பியூரோ என்பார்கள். இரண்டாவதாகச் சொன்ன நீளமான வார்த்தை, "இவர் என் வீட்டில்தான் இருக்கிறார்" என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு பக்கத் தாள். அது இல்லாமல் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினாலும் ஏற்க மாட்டார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மற்ற எல்லாம் இந்த ஒரு தாளில்தான் தொங்குகிறது. பதிவு முடிந்தால்தான் வரி அடையாள எண் தபாலில் வரும். அந்த எண் இருந்தால்தான் சம்பளத்தில் வரி சரியாகப் பிடிப்பார்கள். குடியிருப்பு அனுமதி, மகளின் மழலையர் பள்ளி விண்ணப்பம், சில வங்கிகளில் கணக்கு என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது பதிவுச் சான்றிதழைத்தான்.

நான் தங்கிய இடத்தில் இதை முன்கூட்டிக் கேட்கவில்லை. வந்து இறங்கிய பிறகு கேட்டபோது, குறுகிய காலத் தங்கலுக்கு அந்தத் தாள் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வரி எண் இல்லாததால் முதல் மாதச் சம்பளத்தை ஆறாம் வரி வகுப்பில் போட்டார்கள். இருப்பதிலேயே அதிகம் பிடிக்கும் வகுப்பு அது. பணம் பிறகு திரும்பி வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டிய மாதமும் அதுவே. கடன் வாங்கித்தான் சமாளித்தேன். உங்களுக்குக் குழந்தையும் இருக்கிறது. அந்த நெருக்கடி வேண்டாம்.

அடுத்து, மூவரும் ஒன்றாக வருவது பற்றி. இது என் தனிப்பட்ட கருத்து: முடிந்தால் நீங்கள் இரண்டு மூன்று மாதம் முன்னால் வாருங்கள். பிரிந்திருப்பது கஷ்டம், தெரியும். என் மனைவியும் மகனும் நான்கு மாதம் கழித்துத்தான் வந்தார்கள். ஆனால் ஜனவரிக் குளிரில் ஒரு குழந்தையை இழுத்துக்கொண்டு வீடு பார்க்க அலைவதும், மாதத்துக்கு ஒரு தற்காலிக அறை மாறுவதும் அதைவிடக் கஷ்டம். விசா தேதிகள் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தே வந்தாக வேண்டுமென்றால் தற்காலிகத் தங்கலை மூன்று மாதமாக நீட்டிவிடுங்கள். ஒரு மாதத்தில் இந்த ஊரில் வீடு கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள்.

பயணம் சுலபம்தான். சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. அந்த விமான நிலையத்திலேயே தொலைதூர ரயில் நிலையமும் உண்டு. அங்கிருந்து ஷ்டுட்கார்ட்டுக்கு ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். ஒரு எச்சரிக்கை: மலிவாகக் கிடைக்கும் ஷ்பார்பிரைஸ் டிக்கெட்டுகள் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானாலோ பெட்டி வர நேரமானாலோ அந்த டிக்கெட் வீண். கொஞ்சம் கூடக் கொடுத்து ஃப்ளெக்ஸ்பிரைஸ் வாங்கிவிடுங்கள், அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம். கூடவே, சனி ஞாயிறில் வந்து இறங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சாவி வாங்குவதில் ஏதாவது சிக்கல் என்றால் கேட்க ஆள் இருக்காது. செவ்வாய், புதன் நல்லது.

பெட்டியைப் பொறுத்தவரை, அசல் சான்றிதழ்கள், திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, அவற்றின் மொழிபெயர்ப்புகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அம்மா நெய்யும் பால்கோவாவும் கட்டிக் கொடுப்பார். மனசு கேட்காது, ஆனாலும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய், பழம், இலைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதனால் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. மிக்ஸி கொண்டுவரலாம், மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். நம் மூன்று முள் பிளக் இங்கே பொருந்தாது, எர்த் உள்ள நல்ல அடாப்டர் தேவை. குக்கரும் கடாயும் தட்டையான அடியோடு இருக்கட்டும். இங்கே பெரும்பாலும் கண்ணாடி மேல்தளம் கொண்ட மின் அடுப்புதான். இண்டக்‌ஷன் என்றால் காந்தம் ஒட்டும் பாத்திரமாகவும் இருக்க வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

நீங்கள் பார்த்திருக்கும் அந்த வீட்டுக்குத் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். "நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் அது ஏமாற்று வேலை. அழகான படங்கள், சந்தையைவிடக் குறைந்த வாடகை, கனிவான கடிதம், நம்பிக்கை வர ஒரு கடவுச்சீட்டு நகல் என்று எல்லாம் இருக்கும். என் நண்பர் ஒருவர் இப்படி இழந்த பணம் திரும்பவே இல்லை. நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் உள்ளே போய்ப் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகும்வரை ஒரு யூரோவும் அனுப்ப வேண்டாம்.

விளம்பரம் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். இங்கே "2 அறை வீடு" என்றால் நம் டூ பிஹெச்கே இல்லை. கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. ஆக, அது ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்தான். வாடகை இரண்டு விதமாகப் போட்டிருக்கும். கால்ட்மீட்டெ என்பது வெறும் வாடகை. தண்ணீர், குப்பை, பொதுப் பராமரிப்பு, பெரும்பாலும் ஹீட்டிங்கும் சேர்ந்தது வார்ம்மீட்டெ. மின்சாரமும் இணையமும் பொதுவாக இதற்கு வெளியே. வார்ம்மீட்டெயில் சேரும் கூடுதல் தொகை முன்பணம் மட்டுமே. வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, அதிகம் செலவழித்திருந்தால் மீதியைக் கேட்பார்கள், குறைவென்றால் திருப்பித் தருவார்கள். முதல் வருடம் ஹீட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் இருப்போம். அந்தக் கணக்குக்காகக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

அட்வான்ஸுக்கு கௌட்சியோன் என்று பெயர். கால்ட்மீட்டெயின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று சம தவணைகளாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தவணை, குடியிருப்பு தொடங்கும்போது. இது எனக்கு அப்போது தெரியாது, மொத்தமாகக் கட்டினேன்.

வீட்டுக்காரர்கள் ஷூஃபா என்ற கடன் நம்பக அறிக்கை கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு அதில் பெரிதாக எதுவும் இருக்காது. அதற்குப் பதில் வேலை ஒப்பந்தம், நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம், குடும்பத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் அரைப் பக்க அறிமுகம் ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாக வைத்திருங்கள். விளம்பரம் வந்த சில மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டியிருக்கும். நான் அறுபதுக்கு மேல் எழுதினேன், ஐந்து வீடுகள்தான் பார்க்கக் கிடைத்தன. பதில் வராததை மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒப்பந்தத்தில் குறிப்பாக ஒன்றைத் தேடுங்கள்: குறிப்பிட்ட காலம்வரை காலி செய்ய முடியாது என்ற விதி இருக்கிறதா? சாதாரணமாக மூன்று மாத அறிவிப்பு கொடுத்தால் போதும். ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பூட்டி வைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. வேலை எப்படி அமையும் என்று தெரியாத முதல் வருடத்தில் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சாவி வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து ஊபர்காபேப்ரோட்டோகோல் என்ற ஒப்படைப்புக் குறிப்பை எழுதுவார்கள். தரையில் கீறல், கதவில் உடைசல், குளியலறை ஓரத்தில் கறுப்புப் புள்ளி என்று எதைக் கண்டாலும் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுங்கள். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் இங்கே இது சந்தேகப்படுவதாகாது, வழக்கமான நடைமுறை. மின் மீட்டர் எண், அன்றைய அளவு, சாவிகள் எத்தனை என்பதும் அதில் வர வேண்டும். மின் இணைப்பை எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பதைக் குடியேறும் முன்பே முடிவு செய்து பதிந்துவிடுங்கள். 2025 ஜூனிலிருந்து பின்தேதியிட்டுப் பதிய முடியாது.

நான் சாவி வாங்கியது டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. விளக்கைப் போடலாம் என்று சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் எரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து இரண்டு மூன்று வயர்கள் மட்டும் தொங்குகின்றன. இங்கே காலி செய்பவர் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார், பல வீடுகளில் சமையலறை மேடை, அடுப்பு, அலமாரியையும்தான். மறுநாள் ஞாயிறு, கடை இல்லை. பால் காய்ச்ச அடுப்பும் இல்லை. இரண்டு இரவு செல்போன் வெளிச்சத்தில் இருந்தேன். நீங்கள் வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்: சமையலறை இருக்கிறதா, இருந்தால் அது வீட்டோடு சேர்ந்ததா, முந்தைய வாடகைதாரரிடம் விலைக்கு வாங்க வேண்டியதா? ஒரு மேசை விளக்கையும் ஒற்றை அடுப்பையும் சாவிக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

அன்று மாலையே செய்ய வேண்டியது, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் ஒட்டுவது. ஜெர்மன் முகவரியில் பெரும்பாலும் வீட்டுக் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அதற்குமேல் பெயரை வைத்துத்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லையென்றால் வரி எண்ணும் வங்கி அட்டையும் திரும்பிப் போய்விடும். நம் குடும்பங்களில் கணவனுக்கு ஒரு கடைசிப் பெயர், மனைவிக்கு ஒன்று, குழந்தைக்கு இன்னொன்று. மூவரின் கடவுச்சீட்டிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே மூன்றையும் ஒட்டுங்கள். தற்காலிக வீட்டிலும் இதையே செய்ய வேண்டும். பதிவு முடிந்ததும் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியதுதான்.

குடியேறிய பிறகு நம்மவர்கள் பலருக்கு அட்வான்ஸில் பிடித்தம் விழுவது பூஞ்சணத்தால். குளிர்காலத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு சமைப்போம், உள்ளேயே துணி காயப்போடுவோம். அந்த ஈரம் குளிர்ந்த சுவர் மூலையில் படிந்து கறுக்கும். ஜன்னலின் மேல்பகுதியை மட்டும் உள்பக்கம் சாய்த்து நாள் முழுக்க விட்டுவைத்தால் சுவர்தான் குளிரும், பயன் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம், எதிரெதிர் ஜன்னல்களை முழுசாகத் திறந்து மூடுங்கள். அந்த நேரம் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். மற்ற நேரம் ஹீட்டர் குமிழ் 3-இல் இருந்தால் ஏறக்குறைய 20 டிகிரி, வீட்டுக்குள் அது போதும்.

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழுக்க அப்படித்தான். சுவரில் துளை போடுவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். உங்கள் பகுதியில் கேர்வோஹெ என்ற வழக்கமும் இருக்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் முறைவைத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். உங்கள் முறை வரும்போது கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். எங்கள் கதவில் முதன்முறை அது தொங்கியபோது, எதிர்வீட்டுப் பாட்டி வாளியும் துடைப்பமும் எடுத்துவந்து எந்த மூலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று என் மனைவிக்குச் செய்து காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட அப்போது இல்லை. இன்றைக்கு எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

குடியிருப்புக்காரரிடமிருந்து என்ன பதில் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். அந்தத் தாளைத் தர மாட்டோம் என்றால், முன்பதிவை ரத்து செய்யும் கடைசி நாள் எது என்று பார்த்து அதற்குள் வேறு இடம் தேட நானும் உதவுகிறேன்.