ஜார்ஜ் மாரிசனின் ஓவியங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பூர்வகுடி ஓவியர் ஜார்ஜ் மாரிசன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவருடைய ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். வெறும் வண்ணத் திட்டுகளும் கோடுகளும்தான். பூர்வகுடி வாழ்க்கை எதுவும் கண்ணில் படவில்லை. நியூயார்க்கிலும் பாரிஸிலும் கற்றவரை ஏன் பூர்வகுடி ஓவியர் என்று கொண்டாட வேண்டும்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

குதிரை, இறகு, நடனம் என்று நீங்கள் எதையோ எதிர்பார்த்திருக்கிறீர்கள். அன்றைய அமெரிக்காவும் அதைத்தான் எதிர்பார்த்தது. 1958இல் டகோட்டா என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஓவியர் ஆஸ்கர் ஹாவ், ஓக்லஹோமாவின் ஃபில்புரூக் அருங்காட்சியகப் போட்டிக்கு ஓர் ஓவியம் அனுப்பினார். மரபான ‘இந்திய’ப் பாணியில், அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாணியில், இல்லை என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! ஹாவ் கொதித்துப்போய் ஒரு கடிதம் எழுதினார். அப்புறம்தான் அந்தப் போட்டியின் கதவு புதிய பாணிகளுக்குத் திறந்தது.

மாரிசன் அந்த வம்புக்கே போகவில்லை. தன் ஓவியத்தைக் கொண்டு தன்னை அமெரிக்க இந்தியன் என்று நிரூபிக்க அவர் முயன்றதில்லை.

1919இல் மினசோட்டாவில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த சிப்பவா சிட்டி என்ற, ஓஜிப்வே பூர்வகுடிகளின் குடியிருப்பில் பிறந்தவர். 1943இல் நியூயார்க் போனார். ஃபிரான்ஸ் கிளைன் போன்ற அரூப ஓவியர்களோடு பழகினார். 1970இல் ரோட் ஐலண்ட் கலைப்பள்ளி வேலையை விட்டுவிட்டு மினசோட்டாவுக்கே திரும்பி, பல்கலைக்கழகத்தில் ஓவியத்தோடு பூர்வகுடி ஆய்வுகளும் கற்பித்தார்.

அவருடைய மரப் படைப்புகளை அவசியம் பாருங்கள். அட்லாண்டிக் கரையிலுள்ள பிராவின்ஸ்டவுன் என்ற ஊரின் கடற்கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, இண்டு இடுக்கில்லாமல் பொருத்திச் செய்யத் தொடங்கியவை அவை. மேலிருந்து கால்பங்கு தூரத்தில், இடமிருந்து வலம்வரை ஒரு கோடு ஓடும். அதுதான் தொடுவானம். அட்லாண்டிக் கரையில் உட்கார்ந்து செய்ததிலும் தன் ஏரியைத்தான் வைத்திருக்கிறார் என்றே நான் பார்க்கிறேன். பிற்காலத்தில் மினசோட்டாவின் கிராண்ட் போர்ட்டேஜில், சுப்பீரியர் ஏரியைப் பார்த்தபடி ரெட் ராக் என்ற வீட்டையும் பட்டறையையும் அமைத்துக்கொண்டார். 1980களில் கடும் நோயோடு போராடியபடியே, அந்த ஏரியின் ஒளி மாறுவதைச் சிறிய ஓவியங்களாகத் தொடர்ந்து வரைந்தார். ஒரு மனிதன் தன் மண்ணோடு இதைவிட நெருக்கமாக இருக்க முடியுமா?

2000இல் மறைந்தார். 2004இல் வாஷிங்டனில் அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அவர் படைப்புகளும் ஆலன் ஹௌசரின் சிற்பங்களும் தொடக்கக் கண்காட்சியில் இடம்பெற்றன. 2022இல் அமெரிக்க அஞ்சல்துறை அவருடைய ஐந்து ஓவியங்களைத் தபால்தலைகளாக வெளியிட்டது. சரி, அந்த ஐந்திலிருந்தே தொடங்குங்கள். பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.